மலையில் செல்லோ படிக்க: உள்ளூர் ஆசிரியரா, கோவையா, ஜூமா?

பிள்ளை செல்லோ கற்க வேண்டும் என்கிறது. வயலின் குடும்பத்தில் பெரிய வாத்தியம், உட்கார்ந்து வில்லால் வாசிப்பது. சரி. வீடு குன்னூரிலோ கோத்தகிரியிலோ ஊட்டியிலோ இருக்கிறது. சென்னையில் இருந்தால் எந்த ஆசிரியர் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இங்கே ஆசிரியர் இருக்கிறாரா என்பதில் தொடங்க வேண்டும். இருந்தால், அவர் வாசிப்பது செல்லோவா வயலினா? இல்லையென்றால், வாரா வாரம் மலை இறங்குவதா, லேப்டாப் முன்னால் உட்கார வைப்பதா? என் மகள் ஏழாம் வகுப்புக்குப் போன வருடம் எங்கள் வீட்டில் ஓடிய பேச்சு இதுதான். நாங்கள் குன்னூர்க்காரர்கள் என்பதால் சொல்வதில் குன்னூர் வாடை தூக்கலாக இருக்கும். கொடைக்கானல்காரர்கள் கோவை என்று வருகிற இடத்தில் மதுரை என்று போட்டுப் படித்துக்கொள்ளலாம். தூரம்தான் இன்னும் கூடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பொறுமையாகப் பேசலாம். நிஜமாகவே செல்லோ வாசிக்கத் தெரிந்த ஒருவர், நடந்தோ ஆட்டோ பிடித்தோ போகிற தூரத்தில் இருந்தால், முதல் ஒன்றிரண்டு வருடம் அவரிடமே விடுங்கள். அவர் மேடை ஏறியவராக இருக்கத் தேவையில்லை. கோவையில் அவரைவிடப் பெரிய ஆள் இருக்கலாம், இணையத்தில் அதைவிடப் பெரிய ஆள் கிடைக்கலாம். தொடக்கத்தில் அந்தப் பெருமை பிள்ளையின் கைக்கு வந்து சேராது. அப்படி ஒருவர் கிடைக்காதபோதுதான் மற்ற வழிகளை எடை போட வேண்டியிருக்கும்.

பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது

முதல் சில மாதங்களில் பிள்ளை கற்பது பாட்டு இல்லை. உட்காருவது, வாத்தியத்தை மார்பில் சாய்த்துக்கொள்வது, வில்லைப் பிடிப்பது, அதைக் கம்பிக்குக் குறுக்கே கோணாமல் இழுப்பது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும். கோளாறு தசைக்குள் ஒளிந்திருக்கும். இடது கைக் கட்டைவிரல் செல்லோவின் கழுத்தைப் பின்னாலிருந்து நெரித்துக்கொண்டிருக்கும். வலது கைக் கட்டைவிரல் வில்லில் மடங்காமல் விறைத்து நிற்கும். தோள் காது வரை ஏறியிருக்கும். பிள்ளைக்கு வலி தெரியும் வரை அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

உள்ளூரில் எங்களுக்குக் கிடைத்த செல்லோ மாஸ்டர் முதல் வகுப்பில் வில்லைத் தொடவே விடவில்லை. முதலில் நாற்காலியை மாற்றினார். நம் வீடுகளில் இருக்கிற பிளாஸ்டிக் நாற்காலி பின்பக்கம் சரிந்திருக்கும். அதில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிட மேலே போய்விடும், முதுகு கூன் போடும். சமையலறையிலிருந்து தட்டையான மரமுக்காலி ஒன்றை எடுத்து வந்து அதன் விளிம்பில் உட்கார வைத்தார். "கண்ணு, ரெண்டு பாதமும் தரையில ஊனி வை. இப்ப எந்திரிக்கச் சொன்னா, முன்னால சாயாம எந்திரிக்க முடியணும்." அதற்கப்புறம்தான் வில். தடித்த ஸி கம்பியை இழுத்தபோது வில் அவளுடைய வலது முழங்காலில் இடித்தது. அவர் செல்லோவின் அடியில் இருக்கும் எண்ட் பின்னை இரண்டு விரல்கடை வெளியே இழுத்து, வாத்தியத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்தார். இடி நின்றுவிட்டது. முழுக்க ஐந்து நிமிட வேலை. இதையே கேமரா வழியாகக் கண்டுபிடித்து, வாயால் சொல்லி, ஒரு பிள்ளையைச் செய்ய வைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இறுக்கத்தைப் பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. பிள்ளை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அவளது இடது கைக் கட்டைவிரலைத் தன் ஆள்காட்டி விரலால் லேசாகத் தள்ளிப் பார்ப்பார். அது நகர்ந்தால் சரி. நகராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டுக் கையை உதறச் சொல்வார். செல்லோவில் வீணைக்கு இருப்பது போல மெட்டு கிடையாது, விரல் விழுகிற இடம்தான் சுருதி. இறுகிய கையால் அந்த இடத்துக்குத் தாராளமாகப் போய்வர முடியாது. ஆக, இறுக்கத்தை விட்டுவைத்தால் சுருதியும் கூடவே கெடும். உள்ளூர் ஆசிரியருக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி இந்தத் தொடுகைக்குத்தான்.

மீதிப் பாதி அவர் வீடு பக்கத்தில் இருப்பதற்கு. ஆசிரியரின் வீட்டிலேயே பிள்ளையின் அளவுக்கு ஒரு செல்லோ இருந்தால், வாத்தியத்தைச் சுமக்கிற வேலையே மிச்சம். குன்னூரில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவது என்றால் படிக்கட்டுதான். அடியில் சக்கரம் வைத்த உறை சமவெளிக்குச் சரி, இங்கே அந்தச் சக்கரத்துக்கு வேலையே இல்லை. அளவையும் அவரே பார்த்துச் சொல்லிவிடுவார். ஐந்தடியைத் தாண்டிய பிள்ளைக்குப் பொதுவாக முழு அளவு, அதற்குக் கொஞ்சம் கீழே முக்கால், நாலு நாலரை அடிக்கு அரை என்பது ஒரு கணக்கு. கையின் நீளத்தைப் பொறுத்து இது மாறும். வளர்கிற பிள்ளைக்குப் பெரிதாகவே வாங்கிவிடலாம் என்று பாவாடை சட்டையில் போடுகிற கணக்கை இங்கே போடக் கூடாது. பெரிய செல்லோவில் சின்ன விரல் எட்டாது. எட்டவில்லை என்றால் மணிக்கட்டு வளையும்.

"செல்லோவும் சொல்லித் தருவேன்" என்கிற வயலின் மாஸ்டர்

மலையில் மேற்கத்திய இசைக்குப் பஞ்சமில்லை. தேவாலயப் பாடகர் குழு, உறைவிடப் பள்ளிகள், வெலிங்டன் ராணுவ பேண்டு என்று நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம். லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858இல் தொடங்கியது, கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் 1901இல். பியானோ, கிதார், வயலின் ஆசிரியர்கள் எந்த ஊரிலும் அகப்படுவார்கள். செல்லோ ஆசிரியர் மட்டும் அபூர்வம். அதனால் விசாரிக்கப் போனால் முதலில் காதில் விழுவது, "நம்ம வயலின் சார் செல்லோவும் எடுப்பாரு" என்பதுதான்.

அவரிடமிருந்து கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நோட்டு, அதாவது எழுதிய இசைக் குறிப்பு, வாசிப்பது, தாளம், காதைத் தீட்டுவது, வில்லை ஓட்டுவதன் பொதுவான சூட்சுமம் இதெல்லாம் நல்ல வயலின் ஆசிரியரிடம் தாராளமாகக் கிடைக்கும். இடது கை விஷயத்தில்தான் இடறும். வயலின் கம்பி சுமார் 33 சென்டிமீட்டர் ஒலிக்கிறது என்றால் முழு அளவு செல்லோவில் அது ஏறக்குறைய 69. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. அதனால் வயலினில் இரண்டு விரலுக்கு நடுவே ஒரு முழு சுரம் அடங்கும்; செல்லோவின் முதல் நிலையில், அதாவது கை கழுத்தின் மேல்முனைப் பக்கம் இருக்கும்போது, அரைச் சுரம்தான் அடங்கும். கையின் வடிவமே வேறு. வயலினில் விரல்கள் சாய்ந்து விழும், செல்லோவில் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். கீழ்ச் சுரங்களுக்கான குறியீடான பாஸ் கிளெஃப்பில் நோட்டு எழுதியிருக்கும், மேலே போகப் போக டெனார் கிளெஃப்பும் டிரெபிளும் வரும். உச்ச சுரங்களுக்குக் கட்டைவிரலையே கம்பி மேல் படுக்க வைத்து வாசிக்கும் முறை ஒன்று இருக்கிறது. வயலின்காரருக்கு அது அன்னியம்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. டி மேஜர் ஸ்கேலை, அதாவது டி-யில் தொடங்கும் சுர வரிசையை, டி கம்பியிலிருந்து வாசிக்கச் சொல்லி விரல்களைப் பாருங்கள். செல்லோகாரர் திறந்த கம்பிக்குப் பிறகு ஒன்று, மூன்று, நான்கு என்று விரல் வைப்பார். ஏ கம்பிக்கு வந்தாலும் அதே ஒன்று, மூன்று, நான்கு. வயலின் பழக்கத்தில் இருப்பவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வைத்து, எட்டாத இடத்துக்கு விரலை இழுத்துக்கொண்டிருப்பார். சங்கீதம் தெரியாத பெற்றோரும் இதைப் பார்த்து எண்ணிவிடலாம். மரியாதைக் குறைவாகவும் இருக்காது, "பாப்பா கேக்கட்டும், ஒரு ஸ்கேல் வாசிச்சுக் காட்டுங்க சார்" என்றால் போதும்.

நாங்கள் பார்த்த ஒருவர் இந்தச் சோதனையில் தேறவில்லை. நல்ல மனிதர், வயலினில் கெட்டிக்காரர். அவரிடம் சேர்த்திருந்தால் மகளுக்கு நோட்டு வாசிப்பு பிரமாதமாக வந்திருக்கும், இடது கை பாழாகியிருக்கும். இப்படிப்பட்ட ஆசிரியர்தான் ஊரில் இருக்கிறார் என்றால் அவரிடம் தியரிக்கும் காதுப் பயிற்சிக்கும் அனுப்பலாம், கைக்கு வேறு ஆள் தேட வேண்டும். இரண்டையும் கலந்து வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

இன்னொரு வகை ஆசிரியரையும் மலையில் சந்திப்பீர்கள்: செல்லோ நன்றாகவே வாசிப்பார், ஆனால் நிலையாக இருக்க மாட்டார். உறைவிடப் பள்ளி ஆசிரியர்கள் ஒப்பந்தக் காலம் முடிந்தால் கிளம்பிவிடுவார்கள். சில இடங்களில் வெளிப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு எடுக்க அனுமதியும் இருக்காது. வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குப் படிக்க வரும் முப்படை அதிகாரிகளின் குடும்பத்தில் இசை தெரிந்தவர்கள் இருப்பதுண்டு, ஆனால் அந்தப் படிப்பே ஒரு வருடத்துக்கும் குறைவு. இவர்கள் கிடைத்தால் தயங்காதீர்கள். பத்து மாதம் நல்ல கையிடம் கற்பது, மூன்று வருடம் தப்பாகக் கற்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் எப்போது கிளம்புவார் என்பதை முதல் நாளே கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு யார் என்பதை அவரிடமே விசாரித்து வையுங்கள்.

வாரா வாரம் கோவை

காகிதத்தில் பார்த்தால் கோவைதான் சரியான விடை. இசைப் பள்ளிகள் இருக்கின்றன, டிரினிட்டி போன்ற கிரேடு தேர்வுகளுக்குத் தயார் செய்கிறார்கள், கூட வாசிக்க மற்ற பிள்ளைகள் கிடைப்பார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். செல்லோ கூட்டத்தில் வாசிக்கிற வாத்தியம். சினிமாப் பாட்டில் இளையராஜாவும் ரஹ்மானும் வயலின்களுக்கு அடியில் ஓட விடும் அந்தக் கனத்த குரல் அதுதான். தனியாகவே வாசித்துப் பழகிய பிள்ளைக்கு அடுத்தவர் சுருதியைக் கேட்டுத் தன் சுருதியைச் சரிசெய்யும் பழக்கம் வர நாளாகும்.

ஆனால் குன்னூரிலிருந்து கோவை சுமார் 70 கிலோமீட்டர். மேட்டுப்பாளையம் வரைக்கும் 14 கொண்டை ஊசி வளைவு. முக்கால் மணி நேர வகுப்புக்காக ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். மலைப் பாதையில் வாந்தி எடுக்கிற பிள்ளையாக இருந்தால் வகுப்பில் பாதி நேரம் தலை சுற்றலில் கழியும். பஸ்ஸில் செல்லோவைக் கொண்டுபோவது தனிக் கதை. டிக்கியில் போட முடியாது. மேலே பெட்டி விழுந்தால் உள்ளே கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் சாய்ந்துவிடும். சீட்டில் வைத்தால் கண்டக்டர் வந்து நிற்பார். "அக்கா, இதுக்கு லக்கேஜ் போடறதா, ஆள் டிக்கெட் போடறதா, நீங்களே சொல்லுங்க." ஆள் டிக்கெட்டே போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார வைத்துவிடுவது நிம்மதி, பக்கத்தில் நின்றுகொண்டு வருகிறவர்களின் முறைப்பைத் தாங்க முடியுமென்றால்.

அப்புறம் மழை. குன்னூர், கோத்தகிரி சரிவுகளுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தது, மரம் விழுந்தது, கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போ என்பது வருடாவருடம் கேட்கிற செய்தி. ஏப்ரல், மே சீசனில் சாலை திறந்திருந்தாலும் கார்கள் நகராது. கொஞ்சம் பணம் கூடப் போனாலும் பரவாயில்லை என்று கோவை ஆசிரியரை மேலே வரச் சொல்வீர்கள் என்றால், 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இரண்டுக்கும். பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆக வருடத்தில் ஐந்து மாதம் வகுப்பு நிச்சயமில்லை என்றாகிறது. தொடக்கக்காரப் பிள்ளைக்கு மூன்று வாரம் விட்டுப்போனால் கை பழைய கோணலுக்கே திரும்பிவிடும்.

கட்டணத்தையும் பார்த்துவிடுவோம். வகுப்புக் கட்டணம் மட்டும் என்றால் கோவைக்கும் உள்ளூருக்கும் பெரிய வித்தியாசம் எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டு பேர் பஸ் டிக்கெட், செல்லோவுக்கு ஒன்று, மதியச் சாப்பாடு, வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள், இதையெல்லாம் சேர்த்தால்தான் உண்மையான தொகை வரும். என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு மாசம் ஒரு தடவை மட்டும் கூட்டிட்டுப் போலாம்" என்றார். அந்த யோசனை எனக்குப் பிடித்தது. வாராந்திர வகுப்பு உள்ளூரில், மாதம் ஒருமுறையோ இரண்டு மாதத்துக்கு ஒருமுறையோ கோவையில் ஒரு பார்வை. இரண்டாம் வருடத்திலிருந்து இப்படிப் போனால் போதும்.

திரை வழியே

இணைய வகுப்பைப் பற்றி இரண்டு தரப்பும் மிகைப்படுத்துகிறார்கள். ஒன்றுமே வராது என்பதும் பொய், நேரில் வருவதற்குச் சமம் என்பதும் பொய்.

முதலில் சத்தம். செல்லோவின் நான்கு கம்பிகள் ஸி, ஜி, டி, ஏ. தடித்த ஸி கம்பி 65 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. போன் ஸ்பீக்கரால் அவ்வளவு கீழான ஒலியைத் தர முடியாது. ஆசிரியர் காதில் விழுவது அந்தச் சுரத்தின் மேலொலிகள் மட்டுமே; மிச்சத்தை அவர் மூளை ஊகித்துக்கொள்கிறது. அதோடு ஜூம் போன்ற செயலிகள் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. நீட்டி இழுக்கும் செல்லோ ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். பிள்ளை வில்லை முழுக்க இழுத்திருப்பாள், அங்கே பாதியில் சத்தம் தேய்ந்து போயிருக்கும். "ஏன் நிறுத்திட்டே?" என்பார் ஆசிரியர். "நான் நிறுத்தலை சார்" என்பாள் இவள். இதற்கு மருந்து உண்டு: செட்டிங்கில் ஒரிஜினல் சவுண்ட் என்பதைப் போட்டு, சத்தத்தை அமுக்கும் வசதியை அணைத்து, இரண்டு பக்கமும் ஹெட்போன் மாட்டிக்கொண்டால் நிலைமை வெகுவாகத் தேறும்.

இரண்டாவது, சேர்ந்து வாசிக்க முடியாது. இணையத்தில் ஒலி போய்ச்சேர ஆகும் சின்னத் தாமதமே போதும், இரண்டு பேர் தாளம் பிரிந்துவிடும். நேர் வகுப்பில் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து அதே பாட்டைக் கூடவே வாசிக்கும்போது பிள்ளையின் சுருதி தானாக அவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். திரையில் அது நடக்காது. மூன்றாவது, கேமரா. ஒரே கோணத்தில் வில் கையும் இடது கட்டைவிரலும் தெரியாது. வலது பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு போன் வைத்தால் ஓரளவு பிடிபடும். கூடவே ஒரு பெரியவர் உட்கார்ந்து ஆசிரியரின் கையாக வேலை செய்ய வேண்டும்: தோளைத் தொடு, வில்லைத் திருப்பு, எண்ட் பின்னை இழு. அது உங்களால் முடியுமா என்பதைப் பொறுத்தே முதல் வருட இணைய வகுப்பு தேறும்.

நவம்பர் மழையில் கரண்டும் நெட்வொர்க்கும் சேர்ந்து போவதை மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சாலை மூடியிருக்கும் நாளில் கோவைக்குப் போக முடியாது என்பது உறுதி; ஜூம் ஒருவேளை வரும்.

இணையத்தின் உண்மையான பலம் பிற்பாடு வெளிப்படும். கை ஓரளவு படிந்த பிறகு, இந்த இடத்தை எப்படிச் சொல்ல வேண்டும், வைப்ராட்டோ (விரலை அசைத்துச் சுரத்தை லேசாக அதிர வைப்பது) எவ்வளவு வேண்டும், எந்த விரலில் போனால் சுலபம் என்று பேசும் கட்டத்தில், சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கிற தேர்ந்த ஆசிரியர் ஒருவர் மாதம் இரண்டு மணி நேரம் கொடுத்தாலே பிள்ளை வேறு ஆளாகிவிடும். தேர்வு எழுதுவதற்கும் இப்போது மலை இறங்க வேண்டியதில்லை. 2020லிருந்து டிரினிட்டியிலும், அதைப் போன்ற இன்னொரு தேர்வு வாரியமான ஏபிஆர்எஸ்எம்மிலும் வீட்டிலிருந்தே வீடியோ பதிவு செய்து அனுப்பும் தேர்வு வந்துவிட்டது. எட்டு கிரேடும் ஏற வேண்டும் என்ற வெறி எனக்கில்லை, ஆனால் தேதி ஒன்று நிர்ணயமானால் பிள்ளை பயிற்சிக்கு உட்காருவாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

யூடியூபை மட்டும் பார்த்துக் கற்கலாமா என்று கேட்கிறார்கள். ஆசிரியர் இருக்கும்போது துணைக்கு வைத்துக்கொள்ளலாம், தனியாக வேண்டாம்.

முதலில் வயலின், அப்புறம் செல்லோ?

பெரியவர்கள் சொல்லும் யோசனை இது. வயலின் ஆசிரியர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார், வாத்தியம் மலிவு, தூக்கிக்கொண்டு போவது சுலபம், கர்நாடக சங்கீதமும் கற்கலாம். கடைசிக் காரணம் வலுவானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினை எடுத்துக்கொண்டதிலிருந்து அது நம் வாத்தியமாகிவிட்டது. பாணி இருக்கிறது, பாடம் இருக்கிறது, குரு பரம்பரை இருக்கிறது. கர்நாடக செல்லோவுக்கு அப்படி ஒரு நிலைத்த பாடமுறை கிடையாது. வடக்கே நெதர்லாந்துக்காரர் சாஸ்கியா ராவ்-டி ஹாஸ் செல்லோவையே மாற்றியமைத்து, தரையில் உட்கார்ந்து இந்துஸ்தானி வாசிக்கிறார். இங்கே தொடக்கக்காரப் பிள்ளைக்கு அது பாதை ஆகாது. பிள்ளைக்கு ராகம்தான் வேண்டும் என்றால் யோசிக்காமல் வயலினுக்குப் போகலாம்.

பிள்ளை கேட்பது செல்லோவின் குரலை என்றால், வயலின் வழியாகச் சுற்றி வர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. நேராகவே தொடங்கலாம். இரண்டு வருடம் வயலினில் படிந்த இடது கையையும் வில் பிடியையும் அப்புறம் அவிழ்க்க வேண்டியிருக்கும். என் மகளை வயலினுக்குத் திருப்பிவிடப் பார்த்த உறவினர்கள் உண்டு. "அது கீச்சுன்னு கேக்குது, எனக்கு இதுதான்" என்று முடித்துவிட்டாள்.

மழைக்காலத்தில் மரம்

ஒப்பீட்டில் யாரும் சேர்க்காத ஒன்று இது. என் பார்வையில் உள்ளூர் ஆசிரியர் பக்கம் தராசைச் சாய்ப்பது இதுவும்தான். செல்லோ மரமும் பசையும். காற்றில் ஈரப்பதம் 40இலிருந்து 60 சதவீதத்துக்குள் இருந்தால் அதற்குச் சுகம். நம் ஊரில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். கம்பியை முறுக்கும் மரத் திருகான பெக் ஊறிப்போய்த் திருகவே வராது, உறையின் உள்துணியில் பூஞ்சை பூக்கும். ஜனவரிப் பனியில் காற்று காய்ந்ததும் அதே பெக் வழுக்கிக்கொண்டு கம்பி மொத்தமாகத் தளரும். ஓரங்களில் ஒட்டு விட்டுப்போவதும் உண்டு. நல்ல வாத்தியத்தில் அதற்கென்றே விட்டுக்கொடுக்கிற பசை போடுகிறார்கள், மரம் பிளப்பதைவிட ஒட்டு விடுவது நல்லது என்பதால். குளிருக்குக் கணப்பு மூட்டுகிற அறையிலும் ஹீட்டர் பக்கத்திலும் வைத்தால் விரிசலுக்கு நாமே வழி விட்டது போல.

மலையிலேயே வாழ்ந்து மலையிலேயே வாசிக்கிறவருக்கு இது கைவந்த கலை. வழுக்கும் பெக்கில் சாக்பீஸ் தடவுவார், உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடச் சொல்வார். முக்கியமாக, கம்பி மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது என்பதைச் சொல்லித் தருவார். உள்ளே சவுண்ட் போஸ்ட் என்று ஒரு சின்னக் குச்சி இருக்கிறது. அதை ஒட்டியிருக்க மாட்டார்கள்; மேல் பலகைக்கும் கீழ்ப் பலகைக்கும் நடுவே அழுத்தத்தில்தான் நிற்கும். நான்கு கம்பியும் தளர்ந்தால் அது விழுந்து உருளும், திரும்ப நிறுத்தத் தெரிந்த ஆளுக்குக் கோவையோ பெங்களூரோ போக வேண்டும். ஜூமில் இருக்கிற ஆசிரியர் வேறு காற்றில் இருக்கிறார், நம் செல்லோவைத் தொட்டுப் பார்க்க அவருக்கு வழியில்லை.

பேசி முடிக்கும் முன்

உள்ளூர் ஆசிரியர் என்று முடிவானால், ஒரு சோதனை வகுப்புக்குக் காசு கொடுத்தே போங்கள். டி மேஜர் ஸ்கேல் விஷயத்தை மேலே சொன்னேன். வகுப்பில் அவர் எவ்வளவு நேரம் பேசுகிறார், எவ்வளவு நேரம் பிள்ளையின் கையைப் பார்க்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஒரு வருடம் அவரிடம் படித்த பிள்ளை வாசிப்பதைக் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. பாட்டு எவ்வளவு பெரிது என்பது முக்கியமில்லை, தோள் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பு நடக்கும் அறையில் பெற்றோர் உட்காரலாமா என்று கேளுங்கள். சின்னப் பிள்ளை விஷயத்தில் அதற்கு மறுப்பு வந்தால் நான் அங்கே சேர்க்க மாட்டேன்.

பணப் பேச்சையும் தள்ளிப்போடாதீர்கள். மழையில் வகுப்பு நின்றால் அந்தக் கட்டணம் அடுத்த மாதத்துக்குப் போகுமா, பள்ளி விடுமுறையில் பாதி மாதம் வெளியூர் போனால் என்ன கணக்கு, அவர் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைக்கு என்ன பயிற்சி கொடுத்துவிட்டுப் போவார். எங்கள் மாஸ்டர் இதில் கறார். சாலை மூடினால் கட்டணம் இல்லை, பிள்ளை பயிற்சி செய்யாமல் வந்தால் அந்த வகுப்பு முழுக்கத் திறந்த கம்பியில் வில் இழுப்பதுதான். தினம் அரை மணி நேரம் பழகினால் அவருக்குப் போதும். ஒரு வருடம் கழித்து இணையத்திலும் ஒரு ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தாராளமா. ஆனா விரல் நம்பர் யாரு எழுதறதுன்னு மட்டும் முன்னாடியே முடிவு பண்ணிக்கலாம், இல்லேன்னா புள்ளை ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கும்" என்றார். இப்போது புது ஆசிரியர் சொல்வதை மகள் நோட்டில் பென்சிலால் குறித்து வருகிறாள், மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டுச் சரி என்றால் பேனாவால் எழுதிக்கொள்கிறாள்.